நான் சொல்லிக்கொடுத்த நிலை

ஆர்.கே.பேட்டையில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். கம்புக்கு முன்னால் காலடி, காலடிக்கு முன்னால் நிலை. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நிற்க வைப்பேன். தொடை நடுங்கினாலும் விடமாட்டேன். "இப்படி நின்னா எவனாலயும் உன்னைச் சாய்க்க முடியாது" என்பேன். அது பொய். பொய்யென்று தெரிந்தே பல ஆண்டுகள் சொன்னேன்.

தொடுமுறைப் போட்டிகளில் நானே அப்படி நின்றதில்லை. தாழ்ந்து அகண்டு நிற்பவன் காலைப் பெயர்ப்பதற்குள் எதிராளியின் கம்பு உடம்பைத் தொட்டுவிடும், புள்ளி எதிராளிக்குப் போய்விடும். அதனால் நிமிர்ந்து நின்றேன், ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தேன். களத்தில் ஒன்று செய்துவிட்டு வகுப்பில் வேறொன்றைச் சொன்னேன்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதற்குப் பிறகு என்னிடம் சேர்க்கை கூடியது. விசைத்தறி ஓட்டுகிற வீடுகளிலிருந்து பெண் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். "பொண்ணு நாளைக்குக் கம்பெனி வேலைக்குப் போவும், தற்காப்பு கத்துக்குடுங்க மாஸ்டர்" என்றார்கள். தற்காப்பு தருகிறேன் என்று சொல்லித்தான் பணம் வாங்கினேன்.

என்னிடம் படித்த ஒரு பெண் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி இரவில் நடந்து வந்தபோது, ஒருவன் பின்னாலிருந்து அவள் பையைப் பிடித்து இழுத்தான். அவள் ஓடவில்லை, பையையும் விடவில்லை. காலை அகட்டி ஊன்றி நின்றாள். பக்கவாட்டில் ஒரே இழுப்பு, விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டோடு என்னைப் பார்க்க வந்து, "நீங்க சொன்ன மாதிரிதான் நின்னேன் மாஸ்டர்" என்றாள்.

"நீ சரியா நின்னிருக்க மாட்ட" என்றேன்.

இந்த வாக்குமூலம் முதலில் அந்த வார்த்தைக்காகத்தான். தவறாகக் கற்பித்தவன் நான். குற்றத்தை, அடிபட்டு வந்த பிள்ளையின் தலையில் ஏற்றினேன். அவள் தலை குனிந்து போனாள். அதன்பின் வகுப்புக்கு வரவில்லை.

நிலை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. நெற்றி உயரக் கம்பு கையில் இருந்தால் எதிராளி நெருங்கவே தயங்குவான். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்பதும், நான்கு திக்கும் சுழன்று காலடி வைப்பதும் அந்தத் தூரத்தை நம்பி அமைந்தவை. கம்பையும் தூரத்தையும் எடுத்துவிட்டு, கழுத்துக்கருகே மூச்சு விடுகிறவனிடம் அதே நிலையில் நின்றால் என்ன ஆகும்? கால்கள் பூமியில் சிக்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

கராத்தேயின் கதையும் ஏறக்குறைய இதேதான். கராத்தே ஆசான் இட்டோசு அன்கோ 1901-இல் அதை ஒகினாவா பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் உடல் வலுவுக்கான பயிற்சியாக அது மாறியது. இன்று ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவில் பார்க்கிற அந்த ஆழ்ந்த நிலைகள் அதற்கும் பின்னால், ஜப்பானில் வந்து சேர்ந்தவை. கால் வலுவுக்கு அவற்றைப்போன்ற பயிற்சிகள் குறைவு. ஆனால் கால் வலு வேறு, சண்டை வேறு.

1882-இல் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ இதைப் புரிந்துகொண்டவர். எதிர்த்துத் தள்ளுகிற, இழுக்கிற ஆளோடு தாராளமாக மோதிப் பழகும் ராண்டோரியை ஜூடோவின் நடுவில் வைத்தார். எதிர்ப்பே இல்லாமல் பழகிய கலைக்கு என்ன நேரும் என்பதை 2017-இல் செங்டு நகரத்தில் உலகம் பார்த்தது. தாய்ச்சி ஆசான் வெய் லெய்யைக் கலப்புச் சண்டை வீரர் ஷு சியாவ்டோங் வீழ்த்த அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் காணொளியை நான் அப்போதே பார்த்தேன். நம் சிலம்பத்துக்கு அப்படி ஆகாது என்று என்னிடமே சொல்லிக்கொண்டு, மறுநாளும் பிள்ளைகளை அதே நிலையில் நிறுத்தினேன். ஆசான் சொன்னதைக் கேள்வி கேட்டால் கலைக்கே துரோகம் என்று நினைத்தேன். கலையைவிட என் வாத்தியார் பட்டத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நீ சரியாகத்தான் நின்றாய், சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு என்று அவர் முன்னாலேயே அவளிடம் சொன்னேன். பையை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டும், அதை நான் ஒருநாளும் சொல்லித்தரவில்லை என்றும் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. அவள் தங்கையை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

இப்போதும் நிலை போடச் சொல்கிறேன், கால் பலத்துக்கு என்று சொல்லித்தான். பிறகு ஒருவர் பிடித்து உண்மையாகவே இழுக்க, இன்னொருவர் பிடியை உதறிவிட்டு ஓட வேண்டும். ஓடுவதா வீரம் என்று கேட்டுவிட்டுச் சில பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப்போனார்கள்.

என்னிடம் படித்து முடித்தவர்கள் இன்று பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும் தனியே வகுப்பு நடத்துகிறார்கள். நான் சொன்ன அதே வாக்கியத்தை அவர்களும் சொல்கிறார்கள். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேசத் தொடங்கியிருக்கிறேன். இன்னும் பலரிடம் போய்ச் சேரவில்லை.