ஐயூர்க் காட்டின் மரக்காளான்கள்

ஓசூர் என்றதும் சிப்காட் ஆலைகளும், பெங்களூரை நோக்கி விரையும் லாரிகளுமே நம் நினைவில் எழும். ஆயினும் தெற்கே தேன்கனிக்கோட்டையைக் கடந்து ஐயூரை அடைந்தால், அடர்ந்த காடு நம்மை எதிர்கொள்கிறது. மழைக்கால இறுதியில் ஒரு காலை, வனத்துறையினரின் அனுமதியுடன், மரக்காளான்களைக் காண அங்குச் சென்றோம்.

வீழ்ந்து கிடந்த மரமொன்றில் அவை சிறு தட்டுகளை அடுக்கினாற்போல் ஒட்டியிருந்தன. நாம் காணும் தட்டு கனி மட்டுமே. பூஞ்சையின் உடலோ நூலிழைகளாய் மரத்தினுள் பரந்துள்ளது. தட்டு வெளிப்படும்போது உள்ளே அழிவு வெகுதூரம் சென்றிருக்கும்.

இனம் காண்பதற்குப் பொறுமை வேண்டும். எம்மரத்தில் வளர்ந்தது, மேற்புறம் மெருகுடையதா, அடிப்புறத் துளைகள் எத்தகையன என்று குறித்துக்கொள்ள வேண்டும். புதிய தட்டை வெள்ளைத் தாளின்மேல் ஓரிரவு வைத்தால் வித்துத்தூள் படியும். கானோடெர்மா இனத்துக்கு அது பழுப்பு நிறம். அழுகிய மரமும் சான்று கூறும்: வெளுத்து நாராய்ப் பிரிந்தால் ஒருவகை, பழுப்புக் கட்டிகளாய் நொறுங்கினால் மற்றொரு வகை.

இக்கலையில் புகழ்பெற்றவர்களுள் ஒருவர் இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கக் குரு ஜாக்கோமோ பிரெசதோலா (1847–1929). நம் நாட்டில் டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பக்ஷி, மரங்களைத் தாக்கும் இக்காளான்களைப் பற்றி 1971 இல் விரிவான நூல் வெளியிட்டார்.

திரும்பும் வழியில், பேருந்துக்காக மக்கள் காத்திருந்த புளியமரத்தடியில் நின்றோம். வேரருகே மூன்று தட்டுகள்! தட்டிப் பார்த்தோம்; உள்ளீடற்ற ஓசை எழுந்தது. நிழலில் பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி, "இலையெல்லாம் பச்சையாத்தானே இருக்குங்க ஐயா? இதையும் வெட்டிட்டா நான் எங்கே உட்காருவேன்?" என்றார். அவர் கேள்வி நம் நெஞ்சைத் தைத்தது. மரத்தைச் சோதித்து, சுமை மிகுந்த கிளைகளைக் கழிக்கவும், அதுவரை மக்கள் சற்று விலகி நிற்கவும் வேண்டி ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தோம். மூதாட்டியின் கூடையை எதிர்ப்புற வேம்பின் நிழலுக்கு நாமே தூக்கிச் சென்றோம்.

காட்டில் இக்காளான் பட்ட மரத்தை மண்ணாக்குகிறது. இளகிய மரத்தில் மரங்கொத்தி பொந்து குடைகிறது. அங்கு அதனை அகற்ற வேண்டுவதில்லை. ஆனால் 1952 இல் தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்ட தென்னை வாடல் நோய்க்குக் காரணமும் கானோடெர்மாவே. ஆதலின் நம் இல்லத்துத் தென்னையின் உச்சியைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், ஒருமுறை குனிந்து அதன் அடியையும் நோக்குவோமாக.