மேட்ரிஜெல்லோடு குடித்தனம்

திருவொற்றியூர்ப் பக்கம் வாங்கிய சாம்பிளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் வரும் புதுப் பிள்ளைகள், பேசின் பிரிட்ஜ் சிக்னலில் வண்டி நின்றதும் எனக்குப் போன் போடுவார்கள். "அக்கா, செல்லெல்லாம் செத்துடுமா?" சாகாது. மீடியாவில் முங்கி ஐஸ் மேல் இருக்கிறவரை, கர்ப்பப்பை உள்சவ்வுத் துணுக்கு மறுநாள் காலைவரைகூடத் தாங்கும். பேசின் பிரிட்ஜில் நிற்காத வண்டியை யார் பார்த்தது? பெட்டிக்குள் ஐஸ் போதுமா என்று மட்டும் பாருங்கள்.

நாங்கள் வளர்ப்பது அந்தச் சவ்வின் சுரப்பிகளை. ஆய்வுக்கூட எலிக்கு மாதவிலக்கு கிடையாது. மாதாமாதம் உதிர்ந்து திரும்ப வளரும் சவ்வை அதில் பார்க்க முடியாது, அதனால்தான் பெண்களிடமிருந்து சாம்பிள். 2017-இல் பெல்ஜியத்தின் லூவனிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் இந்தச் சுரப்பிகளை முப்பரிமாண உருண்டைகளாக வளர்த்துக் காட்டினார்கள். அந்தக் கட்டுரைகளில் செய்முறைப் பகுதி ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

துணுக்கைக் கழுவி, பிளேடால் பொடியாக நறுக்கி, கொலாஜினேஸ் நொதியில் போட்டு 37 டிகிரியில் வைக்க வேண்டும். இந்த இடத்தில் கடிகாரத்தை நம்பாதீர்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். சுரப்பிகள் குட்டிக் குட்டிக் குழாய்களாக, வளைந்தும் கிளைத்தும், சுற்றியிருக்கும் திசுவை விட்டுக் கழன்று நிற்கும். அப்போதே நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று விட்டால் குழாய்கள் உடைந்து தனிச் செல்லாகிவிடும். தனிச் செல்லிலிருந்து வளர்ப்பது பெரும்பாடு. பிறகு 100 மைக்ரான் ஸ்ட்ரெய்னரில் ஊற்றினால் சுற்றுத் திசுவின் செல்களும் (ஸ்ட்ரோமா) ரத்தமும் கீழே இறங்கும், சுரப்பிகள் வலையில் தங்கும். ஸ்ட்ரெய்னரைக் கவிழ்த்து மீடியாவால் அலசினால் கைக்கு வந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் வடிந்ததைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, ஸ்ட்ரெய்னரைக் குப்பையில் போடுவார்கள்!

அடுத்தது, சுரப்பிகளைப் புதைத்து வளர்க்கும் ஜெல்லான மேட்ரிஜெல். எலிக் கட்டியிலிருந்து எடுக்கும் இது நெய்க்கு நேர் எதிர்: குளிரில் இளகியிருக்கும், சூடு பட்டால் உறையும். 10 டிகிரி தாண்டினாலே இறுக ஆரம்பிக்கும். மே மாதச் சென்னையில் ஹூட் முன்னால் உட்கார்ந்து அதைக் கையாள்வது லேசில்லை. முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜில், ஐஸுக்குள் புதைத்து இளக வையுங்கள். பிப்பெட் டிப்புகளை ஃப்ரீசரில் போடுங்கள். பிளேட்டை மட்டும் இன்குபேட்டரில் சூடாக்குங்கள். அப்போதுதான் சொட்டு பரவாமல் குமிழாக நிற்கும். எனக்குக் கற்றுக்கொடுத்த மேடம் 25 மைக்ரோலிட்டர் சொட்டு வைப்பதைப் பார்த்தே பாதி கற்றுக்கொண்டேன். பிப்பெட்டை முதல் ஸ்டாப்போடு நிறுத்துவார், கடைசி ஈரத்தைத் தள்ளவே மாட்டார். தள்ளினால் காற்றுக்குமிழி. விரலைக் கொண்டுபோய்ப் பிளேட்டில் ஊன்றாமல் மணிக்கட்டை மட்டும் சாய்ப்பார். பேசிக்கொண்டே செய்வார்; நமக்குத்தான் மூச்சு நிற்கும்.

இரண்டு மூன்று நாளில் உள்ளீடற்ற சிறு உருண்டைகள் தெரியும். ஒரு வாரம், பத்து நாளில் பாஸேஜ், அதாவது உடைத்துப் புது ஜெல்லுக்கு மாற்றுவது. பிப்பெட்டால் ஏற்றி இறக்கி உடைக்கிற வேலை, கட்டைவிரல்தான் பாவம். ஈஸ்ட்ரோஜன் கொடுத்து, பின்னால் புரோஜெஸ்ட்ரோன் சேர்த்தால் மாதச் சுழற்சியில் செய்வதுபோலவே சுரக்கும். ஆனால் இதில் ரத்தக்குழாய் இல்லை, ஸ்ட்ரோமா இல்லை. முழுக் கர்ப்பப்பை என்று வெளியாளிடம் பெருமையடிக்காதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவரின் சுரப்பியையும் இல்லாதவரின் சுரப்பியையும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் வளர்த்து ஒப்பிட முடிகிறதே, அது போதாதா? மாதவிலக்கு ரத்தத்திலிருந்தும் வளர்க்கலாம் என்று 2021-இல் காட்டியிருக்கிறார்கள். கர்ப்பப்பைக்குள் குழாய் விட்டுத் துணுக்கு எடுக்கிற வலி மிச்சம். நம் பக்கத்தில் அதைக் கேட்டு வாங்குவதற்கு, பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தெரிந்த நர்ஸ் வேண்டும்.

உருண்டைகள் நன்றாக வரும்போது எல்லாவற்றையும் சோதனைக்குக் கொட்டிவிட ஆசை வரும். இரண்டாம் பாஸேஜிலேயே பாதியை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். குப்பியில் எண், பாஸேஜ், தேதி மட்டும். சாம்பிள் தந்த பெண்ணின் பெயர் எங்கேயும் வரக்கூடாது. திங்கட்கிழமை வந்ததும், அந்தக் குப்பிகள் இருக்கும் திரவ நைட்ரஜன் கேனில் மரக்குச்சியை விட்டு எடுத்து, பனி எதுவரை படிந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள். சனிக்கிழமை நிரப்பினோம் என்று யாராவது சொன்னாலும் பாருங்கள்.