இரண்டு மணி நேரம் என்பது ஒரு மணி நேரம்

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் தெருப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது டிக்கெட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் காலம் தள்ளியவன் என்பதால் மதுரை தல்லாகுளத்தில் எனக்கு வாய்த்த வேலை இது. சென்னையில் இறங்கும் நேரம், மதுரை விமானம் கிளம்பும் நேரம், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். "ரெண்டு மணி நேரம் இருக்கு பெரியப்பா, போதாதா?" என்பான். போதாது தம்பி.

கணக்கைப் பின்னாலிருந்து போடு. மதுரை விமானம் காலை 7:30 என்று வைத்துக்கொள். பெட்டி வாங்கும் கவுண்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே, அதாவது 6:30க்கே மூடிவிடும். வீட்டிலிருந்தே வெப் செக்-இன் பண்ணி, போர்டிங் பாஸ் போனில் இருந்தாலும், பெட்டி வைத்திருக்கிறவனுக்கு அதுதான் கெடு. 5:30க்குத் தரையிறங்குகிற உனக்கு, இரண்டு மணி நேரத்தில் ஒன்று டிக்கெட் எடுத்த அன்றைக்கே போய்விட்டது. மிச்சம் இருக்கிற ஒரு மணி நேரத்துக்குள் விமானம் ஊர்ந்துபோய் நிற்க வேண்டும், கதவு திறக்க வேண்டும், குடியேற்றச் சோதனை வரிசை நகர வேண்டும், பெல்ட்டில் உன் பெட்டி வர வேண்டும், சுங்கத்தைத் தாண்ட வேண்டும், உள்நாட்டு முனையத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், வாசலில் சிஐஎஸ்எஃப் காவலரிடம் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும்.

நம் கள்ளழகருக்கும் இதுதானே நேர்ந்தது? தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கென்று மலையை விட்டுக் கிளம்பியவர்தான். வழியெல்லாம் அவர் நின்று பூஜை ஏற்க நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். எந்த மண்டகப்படியிலும் அவர் நாள்கணக்கில் உட்காரவில்லை; எந்த மண்டகப்படிக்காரரையும் குற்றம் சொல்ல முடியாது. தல்லாகுளத்தில் ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை முடிந்து வைகைக்கு வந்தால் கல்யாணம் முடிந்துவிட்டது என்று சேதி. அப்படியே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்பது நம் ஊர்க் கதை. விமான நிலையத்துத் தாமதமும் இந்த ஜாதிதான். எந்த இடத்திலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. கூட்டிப் பார்த்தால் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், அக்கா மகளின் காதுகுத்துக்கு வளைகுடாவிலிருந்து வந்தான். அழகர்கோவிலில் முகூர்த்தம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். இவனோ ஒரே ஒரு மாமன். விமானம் சரியான நேரத்துக்கே இறங்கியது; பெல்ட்டில் இவன் பெட்டி கடைசியில் வந்தது. உள்நாட்டுக் கவுண்டருக்கு ஓடினால், மூடியாயிற்று என்றார்கள். விமானம் இன்னும் கிளம்பவில்லை, கண்ணாடி வழியாகத் தெரிகிறது, ஆனாலும் முடியாது. அடுத்த விமானத்துக்குப் புது டிக்கெட், அதுவும் அன்றைய விலையில். இங்கே முகூர்த்தம் நிற்குமா? ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடி கொடுத்தார். அந்த அக்காவுக்கு இன்னும் தீரவில்லை. சீர் கொண்டுவந்து கொட்டியும் தீரவில்லை.

அவன் செய்ததில் பெரிய பிசகு நேரம்கூட இல்லை. இரண்டு நிறுவனங்களில் இரண்டு தனி டிக்கெட் எடுத்திருந்தான். அதில் கொஞ்சம் காசு மிச்சம். ஒரே டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாம் நிறுவனத்தின் கணக்கில் நீ வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியின் எடையிலும் இடிக்கும். வளைகுடாவிலிருந்து முப்பது கிலோ கொண்டுவரலாம்; உள்நாட்டுத் தனி டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பதினைந்துதான். கூடுதல் கிலோவுக்குக் கவுண்டரில் பணம் கட்டி நிற்பதும் ஒரு மண்டகப்படி.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் பெட்டி நேரே மதுரைக்கு வந்துவிடும் என்று இருந்துவிடாதே. இந்தியாவில் முதலில் இறங்குகிற ஊரில்தான் பொதுவாகச் சுங்கம். அங்கே பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். முன்கூட்டியே பதிந்துகொண்ட பயணிகளுக்கான விரைவுக் குடியேற்ற வசதி 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்திருக்கிறது. பதிந்துகொள், நல்லது. ஆனால் அது சோதனை வரிசையைத்தான் சுருக்கும், பெல்ட்டை முடுக்காது.

ஒரே டிக்கெட்டுக்கு மூன்றரை, நான்கு மணி நேரம். தனி டிக்கெட்டுக்கு ஐந்துக்குக் குறையக் கூடாது. இது என் கணக்கு. விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்வதா என்று முகம் சுளிப்பார்கள். உட்காரட்டுமே. இட்லி சாப்பிடு, விலை அதிகம்தான்.

தேதியில் ஏமாறுகிறவர்களும் உண்டு. பதினான்காம் தேதி நள்ளிரவு 12:40க்கு இறங்குகிறவன் மனசுக்கு அது பதின்மூன்றாம் தேதி ராத்திரி. பதின்மூன்றாம் தேதி இரவு ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டு இறங்கினால், வண்டி எப்போதோ கிளம்பிப் போயிருக்கும்.

ரயில் என்றதும் சொல்லிவிடுகிறேன். பகலில் இறங்கினால் மதுரைக்கு வரும் இரவு ரயில் பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். பெட்டியை ஒரு மணி நேரம் முன்பே கொடு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எழும்பூர் வரை போகவும் வேண்டாம். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம், அங்கிருந்து மின்சார ரயிலில் நான்காவது நிறுத்தம் தாம்பரம். ஏறுமிடம் தாம்பரம் என்று டிக்கெட் எடுக்கும்போதே போட்டுவிடு. எழும்பூரில் ஏறாதவன் வரவில்லை என்று படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்த பரிசோதகரிடம் வழக்காடியவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஜெயித்தவர் யாரையும் பார்த்ததில்லை.

இதைவிட நல்ல வழி சென்னையையே தவிர்ப்பது. கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானம் இருக்கிறது. ஒரு மணி நேரம்தான். ஒரே டிக்கெட்டில் வந்தால் கொழும்பில் பெட்டியைத் தொட வேண்டியதில்லை, குடியேற்றமும் சுங்கமும் மதுரையிலேயே முடிந்துவிடும். இறங்கினால் அவனியாபுரம் வழியாக வீடு. டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

பிள்ளைகளிடம் பேசியாயிற்று, பெற்றவர்களுக்கும் ஒன்று உண்டு. முகூர்த்த நாளைக் குறித்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, பத்திரிகையும் அடித்துவிட்டு, அப்புறம்தான் துபாய்க்குப் போன் போடுகிறோம். "எப்படியாச்சும் காலைக்குள்ள வந்துருப்பா" என்கிறோம். லீவு கிடைத்த அன்றே கிளம்பி, கிடைத்த டிக்கெட்டை ஒட்டவைத்துக்கொண்டு ஓடிவருகிறான் அவன். ஜோசியரிடம் போவதற்கு முன்னால் அவனுக்கு எப்போது லீவு என்று கேளுங்கள். அவன் இறங்குகிற நாளை விட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ முகூர்த்தம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சாங்கத்தில் அதற்கும் இடம் இருக்கும்.