60 கோல், 8 பவுண்ட்

லிவர்பூலிலிருந்து



கூடிசன் பார்க் மைதானத்தில் எவர்ட்டன் கால்பந்துக் கிளப்பின் ஆண்கள் அணி கடைசியாக ஆடியது 2025 மே 18 அன்று. 1892 முதல் அதுதான் அவர்கள் வீடு. இப்போது மெர்சி நதிக்கரையில், பிராம்லி-மூர் கப்பல்துறை இருந்த இடத்தில் புது மைதானம் எழுந்திருக்கிறது. பழையது பெண்கள் அணிக்குப் போய்விட்டது. விடைபெறும் அந்த வாரங்களில் இந்த ஊர் பேசியதெல்லாம் பழங்கதைதான். பேருந்து நிறுத்தத்தில், முடிதிருத்தும் கடையில், எங்கே நின்றாலும் யாராவது டிக்சி டீன் பெயரை எடுத்தார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட அவர் எவர்ட்டன் சட்டை போட்டு ஆடியதைப் பார்த்தவரில்லை. அவர் இந்த அணியை விட்டுப் போனது 1938இல். தாத்தா சொன்னார், தாத்தாவுக்கு அவர் அண்ணன் சொன்னார் என்றுதான் கதை ஆரம்பிக்கும். ஆனாலும் நேற்றுச் சாயங்காலம் ஆடிவிட்டுப் போன பையனைப் பற்றிப் பேசுகிற உரிமையோடு பேசுவார்கள். டீனின் உயிர் பிரிந்ததும் அதே மைதானத்தில்தான். 1980 மார்ச் 1, எவர்ட்டனும் லிவர்பூலும் மோதிய நாள். ஒரு காலை இழந்திருந்த 73 வயது முதியவர், ஆட்டம் பார்க்க வந்த இடத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

1927-28 பருவத்தில் லீக் ஆட்டங்களில் மட்டும் அவர் போட்டவை 60 கோல். ஆடியது 39 ஆட்டம். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அதற்கு முன்னும் யாரும் அதைத் தொட்டதில்லை, பின்னும் இல்லை. நம் காலத்தில் எர்லிங் ஹாலண்ட் 2022-23இல் 36 கோல் போட்டபோது பிரீமியர் லீக் சாதனை என்று உலகமே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். அந்த 36க்கு மேல் இன்னும் 24 போட்டால் டீன் நின்ற இடம் வரும்.

மெர்சி நதிக்கு அக்கரையில் பிர்கன்ஹெட் என்ற ஊர். படகில் ஏறினால் சில நிமிடம்தான். 1907 ஜனவரியில் வில்லியம் ரால்ஃப் டீன் பிறந்தது அங்கே. அப்பா ரயில் ஓட்டுநர். பதின்வயதில் பையனும் ரயில்வேயிலேயே வேலைக்குச் சேர்ந்தான். பகலில் பந்து ஆட வேண்டுமே என்று இரவு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். உள்ளூர் அணியான டிரான்மியர் ரோவர்ஸில் 1924-25இல் 27 லீக் ஆட்டத்தில் 27 கோல். 18 வயதில், 1925 மார்ச்சில், 3,000 பவுண்டுக்கு எவர்ட்டன் அவரை வாங்கியது. சிறுவயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்த மைதானத்தில் அவரே ஆட வந்துவிட்டார். ‘டிக்சி’ என்ற பட்டப்பெயர் அவருக்குப் பிடித்ததே இல்லை. நெருங்கியவர்கள் ‘பில்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் வந்த வேளையும் வாகான வேளை. 1925 கோடையில் ஆஃப்சைடு விதி மாறியது. அதற்கு முன், முன்னால் ஓடும் வீரரை நோக்கிப் பந்து உதைக்கப்படும்போது அவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் மூவர் இருந்தாக வேண்டும். அதில் ஒருவர் கோல்கீப்பர். தடுப்பு வீரர்கள் இருவரில் ஒருவர் சட்டென்று நாலடி முன்னே வந்துவிட்டால் போதும், எதிராளி ஆஃப்சைடு. நியூகாசில் அணியின் பில் மெக்ராக்கன் இந்தப் பொறியை வைத்தே பெயர் வாங்கியவர். ஆட்டம் நடுக்கோட்டருகே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. கூட்டத்துக்கும் சலித்துப்போனது. மூவர் என்பதை இருவர் ஆக்கினார்கள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. முதல் டிவிஷனில் 1924-25இல் மொத்தம் 1,192 கோல். மறு பருவம், அதே எண்ணிக்கை ஆட்டங்களில், 1,703. அந்த ஆண்டு டீன் போட்டது 32.

அதனால் 60 என்பது விதி கொடுத்த வரம், டீனுக்கு அதில் பெருமை இல்லை என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மடை திறந்தது எல்லா அணிக்கும்தான். அந்தக் காலத்தில் எத்தனையோ நல்ல சென்டர் ஃபார்வர்டுகள் இருந்தார்கள். இரண்டாம் டிவிஷனில் மிடில்ஸ்ப்ரோவின் ஜார்ஜ் கேம்செல் 1926-27இல் 59 வரை போனார். முதல் டிவிஷனில் அதுவரை உச்சம், பிளாக்பர்னின் டெட் ஹார்ப்பர் எடுத்த 43. டீன் அதைவிட 17 கூடுதலாகப் போட்டார்.

அதுவும் எப்படிப்பட்ட உடம்போடு! 1926 கோடையில், வேல்ஸில் ஹோலிவெல் அருகே மோட்டார் சைக்கிள் விபத்து. மண்டையோடும் தாடையும் உடைந்தன. பல மணி நேரம் நினைவில்லை. பிழைப்பதே சந்தேகம், இனிப் பந்தாட்டம் என்ற பேச்சே வேண்டாம் என்றார்கள் மருத்துவர்கள். அவர் அக்டோபரிலேயே களத்தில் இறங்கிவிட்டார். மண்டைக்குள் உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள், அதனால்தான் தலையால் அத்தனை வலுவாக முட்டுகிறார் என்று ஒரு கதை அப்போது கிளம்பியது. அது வெறும் கதைதான்.

அந்தப் பருவம் எவர்ட்டன் 22 அணிகளில் 20ஆவதாக வந்து, கீழே இறக்கப்படாமல் மயிரிழையில் தப்பியது. மறு பருவமே சாம்பியன். முதல் ஒன்பது லீக் ஆட்டங்கள் ஒவ்வொன்றிலும் டீன் கோல் போட்டார். இந்த இடத்தில் இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். இங்கே கதை சொல்கிறவர்கள்கூடச் சில சமயம் அவரை விட்டுவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஃபோர்ஃபார் ஊரிலிருந்து வந்த இடதுபக்க விங்கர் அலெக் டிரூப். உயரம் 5 அடி 5 அங்குலம். தோள்பட்டை எலும்பு அடிக்கடி நழுவும் என்பதால் கட்டுப் போட்டுக்கொண்டே ஆடினார். ஓரத்தில் பந்தை வளைத்தெடுத்து, ஓட்டத்தை ஒரு கணம் நிறுத்தி, டீன் குதிக்கப்போகும் இடத்துக்கு நேராக உயர்த்திக் கொடுப்பார். டீனுடைய 60இல் எத்தனையோ கோல் பாதி டிரூப்புடையது. எனக்குச் சாதனை என்ற சொல்லைவிட இந்தக் கூட்டாளித்தனம் பெரிதாகத் தெரிகிறது.

கடைசி இரண்டு ஆட்டம் பாக்கி இருந்தபோது டீன் 53இல் நின்றார். கேம்செல்லைத் தாண்ட இன்னும் ஏழு வேண்டும். பர்ன்லியில் 5-3 என்று வென்ற ஆட்டத்தில் நான்கு போட்டார். கணக்கு 57. மிச்சம் ஒரே ஆட்டம், 1928 மே 5, கூடிசன் பார்க், எதிரே ஆர்சனல். அவர்களுடைய தலைவர் சார்லி புக்கனுக்கு அது கடைசி ஆட்டம். பட்டம் ஏற்கெனவே எவர்ட்டன் கைக்கு வந்துவிட்டது. ஆகவே 48,000க்கும் மேற்பட்ட கூட்டம் வந்தது வேறொன்றுக்காக. ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்தில் ஆர்சனல் ஒரு கோல் போட்டது. உடனே டீன் ஒன்று. கொஞ்ச நேரத்தில் பெனால்டி, அதையும் அவரே போட்டார். 59. கேம்செல்லோடு சமம்.

அதற்குப் பிறகு எதுவும் அமையவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. ஆர்சனல் சமன் செய்துவிட்டது. டீனைச் சுற்றி எப்போதும் இரண்டு மூன்று பேர். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது இடதுபக்கம் கார்னர். எடுக்கப் போனவர் டிரூப். பந்து வந்தது, தலைகளுக்கு மேலே ஒரு தலை எழுந்தது, வலை ஆடியது. 60. பிறகு ஆர்சனல் மீண்டும் ஒன்று போட்டு 3-3 என்று முடித்ததை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்தப் பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே ரப்பர்ப் பை வைத்து, வாயை நாடாவால் கட்டிய பந்து. லங்காஷயர் மழையில் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும். நாடா முடிச்சு நெற்றியில் பட்டால் கிழித்துவிடும். டீன் பந்து வந்து தன் மேல் மோதட்டும் என்று நிற்பவரில்லை. கழுத்தைத் திருப்பி, உதைப்பது போலவே குறிபார்த்து முட்டுவார். 5 அடி 10 அங்குலம்தான், ஆனால் தன்னைவிட உயரமானவர்களுக்கு மேலே எழும்பிவிடுவார். பின்னாளில் 17 வயதில் வந்து சேர்ந்த டாமி லாட்டனுக்கு அந்த வித்தையை அவரே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். தன் இடத்தைப் பிடிக்க வந்தவன் என்று தெரிந்தும். அந்தத் தலைமுறை தலையால் முட்டியதற்குக் கொடுத்த விலை இன்று நமக்குத் தெரியும். வெஸ்ட் ப்ரோம்விச் அணியின் ஜெஃப் ஆசில் 2002இல் 59 வயதில் இறந்தபோது, அது தொழிலால் வந்த நோய் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். இப்போது இங்கே ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டச் சொல்லிக்கொடுப்பதில்லை. நல்ல முடிவு.

இப்போது, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். 60 கோல் போட்ட அந்த மனிதரின் வாரச் சம்பளம் 8 பவுண்ட். கோடையில் 6. வெற்றி பெற்றால் 2 பவுண்ட், சமன் என்றால் 1 பவுண்ட் கூடுதல். எவர்ட்டன் கஞ்சத்தனம் செய்தது என்று நினைக்க வேண்டாம். அதற்கு மேல் எந்தக் கிளப்பும் எவருக்கும் கொடுக்கக் கூடாது என்பது லீக் போட்ட உச்சவரம்பு. ஆர்சனல் ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் குறைந்தது 1 ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். சிறுவர் சலுகை போனாலும் அன்று ஒரு பிற்பகலில் 2,000 பவுண்டாவது வாசலில் விழுந்திருக்கும். யாரைப் பார்க்க வந்தார்களோ அவருக்கு 8. ஆலைத் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் 8 பவுண்ட் நல்ல சம்பளம்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் ஆலைத் தொழிலாளி 60 வயது வரை உழைக்கலாம். பந்தாட்டக்காரனின் கால்கள் 30ஐத் தாண்டினால் ஓய்ந்துபோகும்.

வேறு இடம் போகவும் வழியில்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரின் பதிவு கிளப் கையில். கிளப் விடுவித்தால்தான் அடுத்த அணி. விடாவிட்டால் சம்பளமும் இல்லை, ஆட்டமும் இல்லை. டீன் வெளியே போகத் துடித்தவர் அல்லர் என்பதும் உண்மை. 1930இல் எவர்ட்டன் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோது அவரும் கூடவே இறங்கினார். மறு பருவம் 39 கோல் போட்டு அணியை மேலே கொண்டுவந்தார். 1931-32இல் 45 கோல், மறுபடி லீக் பட்டம். 1933இல் தலைவராக நின்று எஃப்.ஏ. கோப்பை. மான்செஸ்டர் சிட்டியை 3-0 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தில்தான் கோப்பை இறுதிப் போட்டி வரலாற்றில் முதன்முறையாகச் சட்டையில் எண் போட்டார்கள். எவர்ட்டனுக்கு 1 முதல் 11. டீன் முதுகில் 9. எவர்ட்டன்காரர்களுக்கு அந்த எண் அன்றிலிருந்து பட்டா போட்ட சொத்து.

எவர்ட்டனுக்காக மொத்தம் 433 ஆட்டம், 383 கோல். 37 முறை ஹாட்ரிக். பிறகு உடம்பு தளர்ந்தது. கிளப் நிர்வாகத்திலும் மனக்கசப்பு. 1938 மார்ச்சில் அவரை நாட்ஸ் கவுண்டிக்கு விற்றார்கள். விலை 3,000 பவுண்ட், அவரை வாங்கிய அதே தொகை. 13 ஆண்டுகள் இந்த ஊரைத் தோளில் சுமந்தவருக்கு ஒரு பிரிவுபசாரம் நடக்கவில்லை. அயர்லாந்தில் ஸ்லைகோ ரோவர்ஸுக்குக் கொஞ்ச நாள் ஆடினார். போருக்குப் பின் செஸ்டர் நகரில் ‘டப்ளின் பாக்கெட்’ என்ற மதுக்கடையை நடத்தினார். பிறகு லிட்டில்வுட்ஸ் நிறுவனத்தில் போர்ட்டர் வேலை. கால்பந்து முடிவுகளை ஊகித்துப் பணம் கட்டும் பூல்ஸ் பந்தயத்தில் வளர்ந்த நிறுவனம் அது. அதன் அதிபர் ஜான் மூர்ஸ் எவர்ட்டனின் நிர்வாகத் தலைவராகவும் இருந்தவர், டீனுக்கு அந்த வேலையைக் கொடுத்தவரும் அவரே. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவராவது கைகொடுத்தார். ஆனால் பந்தாட்டத்தை நம்பி இத்தனை பேர் செல்வம் சேர்த்த நாட்டில், அதைப் பார்க்கத் தூண்டியவர் வயதான காலத்தில் மூட்டை நகர்த்த வேண்டியிருந்தது என்பதை இன்றும் கோபமில்லாமல் என்னால் எழுத முடியவில்லை.

சம்பள உச்சவரம்பு 1961இல்தான் ஒழிந்தது. வீரர்கள் சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் என்று மிரட்டித்தான் அதைப் பிடுங்கினார். உடனே ஃபுல்லம் அணி ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்ட் கொடுத்தது. 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் நீதிமன்றம் போய், ஒப்பந்தம் முடிந்த வீரரைக் கட்டிவைக்கும் விதியையும் உடைத்தார். இன்றைய வீரர்களின் கோடிகளைக் கண்டு முகம் சுளிப்பவர்களிடம் நான் ஹில், ஈஸ்ட்ஹம் என்ற இந்த இரண்டு பெயர்களையும் சொல்வதுண்டு.

டீனுக்கு எவர்ட்டன் நன்றி சொன்ன ஆட்டம் 1964 ஏப்ரலில் நடந்தது, கூடிசன் பார்க்கிலேயே. 36,000 பேர் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவர் ஆடி முடித்தபோது பிறந்தே இருக்க மாட்டார்கள். வசூல் சுமார் 7,000 பவுண்ட். அவர் சட்டையைக் கழற்றிவைத்துப் போய் 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்புடன்,
உங்கள் லிவர்பூல் நண்பன்