பழைய லாண்ட் றோவருக்கு எந்த எஞ்சின்?

எங்கள் பெண்கள் எத்தனையோ விடயங்களைத் தனித்து நின்று தீர்மானிக்கப் பழகிவிட்டார்கள். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், காணிப் பிணக்கு என எல்லாவற்றுக்கும் அவர்களே அலைகிறார்கள். ஆனால் கராஜ் வாசலில் போய் நின்றதும் பலருக்கு வாய் அடைத்துப் போகிறது. "அது ஆம்பிளையளின்ர வேலை" என்ற எண்ணம் அங்கே இன்னமும் உறுதியாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் பால்நிலை வேலைப் பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதை நேரில் கண்டது வன்னியிலுள்ள ஒரு கராஜில்தான்.

நான் வேலை செய்யும் கிராமமொன்றில் ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். மூன்று பிள்ளைகளின் தாய். மாமனார் காலத்து லாண்ட் றோவர் ஒன்று கணவரின் பெயரில் இருந்தது. போர் மூளுவதற்கு முன்பே வவுனியாவில் தம்பியாரின் வளவில் விடப்பட்டதால் அது தப்பியிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளின் பாலைச் சேர்த்து, மாரியில் சேறாகிவிடும் ஆறு கிலோமீற்றர் பாதையால் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவது அவரது தொழில். வாடகை உழவு இயந்திரம் வராத நாட்களில் பால் திரைந்துபோகும். வண்டியைத் திருத்தினால் அந்த நட்டம் நிற்கும். கையில் இருந்ததோ இழப்பீடாகக் கிடைத்த பணமும் சங்கத்தில் எடுத்த கடனும் மட்டுமே. தவறாகச் செலவழித்தால் இன்னொரு முறை கிடைக்காத பணம்.

"வித்துப்போட்டு ஒரு ஓட்டோ எடுங்கோ" என்று உறவினர் சொன்னார்கள். அக்கா சம்மதிக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் மதிப்பு எவ்வளவு ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தோடு, அந்தப் பாதையில் ஓட்டோ போகவும் மாட்டாது.

லாண்ட் றோவர் 1948இல் ஆம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அதன் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால் உடல் எளிதில் கறள் பிடிக்காது. ஆனால் அடிச்சட்டம் இரும்பு. ஆகவே எஞ்சினைப் பற்றிப் பேசமுன் அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். உக்கிய சட்டத்துக்குப் புது எஞ்சின் போடுவது கறையான் அரித்த வளைக்கு ஓடு போடுவது போன்றது. அக்காவின் வண்டியில் பின்பக்கத்துக் குறுக்குச் சட்டம் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

உள்ளே இருந்தது 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் எஞ்சின்களைச் சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். வீட்டுக்கு வீடு அந்த வித்தை தெரிந்திருந்தது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலில் கலந்து, உள்பாகங்களைத் தேய்த்துவிடும். இந்த எஞ்சினும் அப்படித் தேய்ந்ததுதான். அதைப் புதுப்பிக்கலாம். ஆனால் பெற்றோலில் அது குடிக்கும் குடியைப் பால் விற்று ஈடுகட்ட முடியாது. டீசல்தான் என்று அக்கா முடிவெடுத்தார்.

முதலில் போன கராஜில் வான் ஒன்றின் ரேர்போ டீசல் எஞ்சினைக் காட்டினார்கள். கியர்பொக்ஸுடன் சேர்த்து ஒரே விலை. "நல்ல பவர் அக்கா, கார் மாதிரி ஓடும்" என்றார்கள். அக்கா கேட்டது ஒரே கேள்விதான்: "மழைக்கு முன் சில்லும் இழுக்குமோ?" பதில் சொல்லாமல், "அதெல்லாம் உங்களுக்கு விளங்காது" என்றார் அங்கிருந்தவர்.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, அந்தாள் தன்ர வளவுக்கை கிடக்கிறதை விக்கப் பாக்கிறார். என்ர பாதையைப் பற்றி ஒரு சொல்லும் கேக்கேல்லை."

விடயமே அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது. லாண்ட் றோவரின் கியர்பொக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சிறிய பெட்டி உண்டு. அதுதான் இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. சேற்றில் ஊர்ந்து ஏறுவதற்கான 'லோ' கியரும் அதற்குள் இருக்கிறது. பின் சில்லு மட்டும் இழுக்கும் வானின் கியர்பொக்ஸில் அது கிடையாது. அதைப் பூட்டினால் வண்டி தார் வீதியில் சுகமாக ஓடும், சேற்றில் புதையும். மேலும், ரேர்போ எஞ்சினின் கூடிய இழுவையைப் பழைய பின் அச்சுத் தண்டுகள் தாங்குவதும் கடினம்.

பின்னர் ஒரு வயதான மெக்கானிக் ஐயாவிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, "பிள்ளை, எவ்வளவு பாரம், என்ன பாதை, ஒரு நாளைக்கு எத்தனை கட்டை?" என்பதுதான். பிறகு இரண்டு வழிகளைச் சொன்னார்.

ஒன்று, ஜப்பானிய நான்கு சில்லு இழுவை வண்டியொன்றின் எஞ்சின், கியர்பொக்ஸ், பிரிக்கும் பெட்டி மூன்றையும் முழுதாகப் பூட்டுவது. ஐந்தாவது கியர் கிடைக்கும், சத்தம் குறையும். ஆனால் நீளம் வேறுபடுவதால் தளத்தையும் குறுக்குச் சட்டத்தையும் வெட்ட வேண்டும். இரண்டு புறொப்பெல்லர் தண்டுகளையும் அளவுக்கு மாற்ற வேண்டும். முன் தண்டு வெளிவரும் பக்கமும் முன் அச்சின் பக்கமும் பொருந்தாவிட்டால் எல்லாம் வீண்.

மற்றது, பழைய கியர்பொக்ஸையும் பிரிக்கும் பெட்டியையும் அப்படியே வைத்துக்கொண்டு, இடையில் ஒரு பொருத்துத் தட்டு வைத்து டீசல் எஞ்சினை மட்டும் இணைப்பது. அந்தத் தட்டு மயிரிழையும் பிசகாமல் கடையப்பட வேண்டும். பிசகினால் கிளச்சும் தண்டின் பெயாரிங்கும் விரைவில் போய்விடும்.

அக்கா இரண்டாவதைத் தெரிவு செய்தார். எஞ்சின் இசுசு 4JB1, 2.8 லீற்றர், ரேர்போ இல்லாதது. பழைய எஞ்சினை விட இழுவை சற்றே கூட என்பதால் பழைய கியர்பொக்ஸ் தாங்கும். கம்பியூட்டர் இல்லாமல், பம்பியாலேயே டீசல் செலுத்தும் எஞ்சின் என்பதால் கிராமத்திலேயே திருத்தலாம். உதிரிப்பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும். குறை உண்டா? உண்டு. வேகமாகச் சுழலாத டீசல் எஞ்சினும் தாழ்ந்த அச்சு விகிதமும் சேர்வதால் தார் வீதியில் வண்டி அலறும், வேகம் வராது. "பால் கானோட எனக்கென்ன ஓட்டப் போட்டியே?" என்றார் அக்கா.

சகோதரிகளே, இப்படியொரு வேலைக்குப் பணம் கொடுக்கமுன் சில கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் காட்டுவார்களா? அதன் அடிப்பாகம் முன் அச்சில் முட்டாதா? மோட்டரும் பற்றறியும் 12 வோல்ற்றா, 24 வோல்ற்றா? பிறேக்குக்கு வெற்றிட உதவி இருந்தால், டீசல் எஞ்சினுடன் அதற்கான பம்பியும் வருகிறதா? றேடியேற்றர் போதுமா? விலையில் என்னென்ன அடங்கும்? கடைசிக் கேள்விக்கு வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய எஞ்சின் இலக்கத்தையும் எரிபொருள் வகையையும் பதிவில் திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டையும் இறக்குமதிப் பத்திரத்தையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். 2022இல் எரிபொருள் பங்கு வாகனப் பதிவின்படியே கிடைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வண்டி இறந்த கணவரின் பெயரில் இருந்தால், உரிமையை மாற்றிய பின் எஞ்சினுக்குச் செலவழிப்பதே பாதுகாப்பு. கணவர் காணாமற் போயிருந்தால், அவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க மனம் ஒப்பாத பெண்களுக்கு, 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அவர் காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழைப் பெறும் வழி இருக்கிறது. உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அக்கா இப்போது 'லோ' கியரை எங்கே போட வேண்டும், எங்கே எடுக்க வேண்டும் என்று மூத்த மகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். கடனில் இன்னும் ஏழு தவணை மிச்சம்.