சந்தைக்கு வழி எது?

தொழில் தொடங்கும் இளைஞனுக்கு இன்று ஊரே சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: தொடர்புகளைப் பெருக்கிக்கொள். நிக்காஹ் மஜ்லிஸில் விசிட்டிங் கார்டு கைமாறுகிறது. தொழில்முனைவோர்க்கான வாட்ஸ்அப் குழுக்கள் நாளுக்கொன்றாய் முளைக்கின்றன. பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டிக் கரையில், பாரம்பரிய நெல்லை வாங்கி அரிசியாக்கி விற்கும் சிறு தொழிலை நாங்கள் மூவர் தொடங்கியபோது எங்கள் அலைபேசிகளிலும் அத்தகைய எண்கள் நிறைந்திருந்தன. துபாயில் ஏற்றுமதி இறக்குமதி செய்பவர், சென்னையில் அங்காடி வைத்திருப்பவர், கோலாலம்பூரில் உணவகம் நடத்துபவர் என எல்லாம் நல்ல மனிதர்களே. ஆயினும் எங்கள் தொழிலைத் தாங்கிப் பிடித்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

தொடர்பு வளர்ப்பது நம் சமுதாயத்துக்குப் புதிய கலையன்று. ஆங்கிலேயர் சிங்கப்பூரில் 1819இல் கால் பதித்தனர். 1826இல் அங்கே சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல் நிறுவப்பட்டுவிட்டது. 1828க்கும் 1830க்கும் இடையில் தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடமும் எழுந்தது. (தர்காக்கள் குறித்து நம்மிடையே உள்ள கருத்து வேறுபாடு தனி விஷயம், அதை இங்கே இழுக்க விரும்பவில்லை.) கப்பலிலிருந்து இறங்கிய ஒருவன் முதல் தொழுகைக்குப் போய் நின்ற இடத்திலேயே, தன் ஊர்க்காரர் யார், வேலை எங்கே என்று கேட்டறிய முடிந்தது.

எங்கள் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு சென்ற சபுராளி. கையில் இருந்தது ஒரு கடிதம். ஊர்க்காரர் கடையில் தங்க இடமும் சோறும் வேலையும் அந்தக் கடிதத்தால் கிடைத்தன. அதற்கு ஈடாக எவரும் எதையும் எழுதி வாங்கவில்லை. ஆனால் தாம் காலூன்றியதும் ஊரிலிருந்து இன்னொரு பையனை அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவ்வாறே ஐவரை அழைத்தார்.

அந்த ஏற்பாட்டின் மீது எங்களுக்கு மதிப்பு மிகுதி. அதே நேரத்தில் அதன் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அது முழுக்க முழுக்க உறவுக்குள் பின்னப்பட்ட வலை. எல்லாருக்கும் தெரிந்தது ஒரே தொழில், ஒரே துறைமுகம். 1950களில் மலாயா தன் குடிவரவுச் சட்டங்களை இறுக்கியபோது எங்கள் தெருவில் பலருக்கு வேறு வாசல் தெரியவில்லை. பின்னர் வளைகுடா திறந்தது. அங்கும் அதே வலைதான். ஊரைச் சுற்றி நான்கு புறமும் வயல் இருந்தும், அந்த வயலை உழுபவரோடு தொழில்முறைப் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் ஸஅத் பின் ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியையே தர முன்வந்தார். அவரோ துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார். இந்த வரலாற்றைத் தன்மானத்துக்கு உதாரணமாகப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவருக்குக் காட்டப்பட்ட சந்தை பனூ கைனுகா என்னும் யூதக் குலத்தாருடையது என்பதை மட்டும் ஏனோ விரைந்து கடந்துவிடுகிறோம். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று அவர் எழுந்தது அந்தச் சந்தையில்தான்.

எங்களுக்கு அப்படி வழி காட்டியது திருத்துறைப்பூண்டி. ‘நெல்’ ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவுக்கு நாங்கள் முதன்முறை சென்றபோது அவர் உயிருடன் இல்லை. 2018 டிசம்பர் 6இல் காலமாகிவிட்டார். நம்மாழ்வாரின் வழியில் நின்று, மறைந்துகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட நெல் ரகங்களை மீட்டவர் அவர். அவர் வகுத்த விதி மிக எளியது: விழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசம், மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விலைக்கு விற்றிருந்தால் அன்றோடு கணக்கு முடிந்திருக்கும். சும்மா கொடுத்திருந்தால் பலர் மறந்திருப்பர். திருப்பித் தரவேண்டிய பொறுப்பு இருந்ததால், வாங்கியவர் பயிரைக் காப்பாற்றியாக வேண்டும். மீண்டும் விழாவுக்கு வந்தாக வேண்டும். அங்கே இன்னொரு விவசாயியின் அனுபவத்தையும் கேட்டாக வேண்டும். தொடர்பு வளர்ப்பதைக் கற்பிக்கும் கருத்தரங்குகள் சிலவற்றில் கட்டணம் செலுத்தி அமர்ந்திருக்கிறோம். இவ்வளவு தெளிவான பாடத்தை அங்கே கேட்டதில்லை.

அங்கே பழக்கமான பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பாவை வாங்கி வந்து ஒற்றை நாற்றாக நட்டார். மறு ஆண்டு நான்கு கிலோ திருத்துறைப்பூண்டிக்குப் போயிற்று. மீதி விதை சுற்றியுள்ள விவசாயிகளுக்குப் பரவியது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்னம், பொது என இரண்டே பிரிவு; பாரம்பரிய ரகத்துக்கென்று தனி விலை கிடையாது. எனவே இதைப் பயிரிடுபவர் தனியாரின் வாக்கை நம்பித்தான் விதைக்க வேண்டும். விவசாயிகளின் பழைய மனக்குறை தராசைப் பற்றியது என்பதை அந்தப் பெரியவர்தாம் சொன்னார். ஆகவே தராசை அவர்கள் களத்திலேயே வைத்தோம். எடையை அவர்களே படித்துச் சொல்ல, நாங்கள் எழுதிக்கொண்டோம். அளவையில் மோசடி செய்வோரைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை ஓதி வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன!

அடுத்த தடை ரைஸ்மில். பதினைந்து இருபது மூட்டைக்காகப் பெரிய ஆலை ஓடாது. மேலும் சிவப்பரிசி ஓடிய இயந்திரத்தைத் துடைக்காவிட்டால் பின்னால் வரும் வெள்ளை அரிசியில் சிவப்பு கலந்துவிடும். முதலாளியிடம் பேசிப் பயனில்லை. இயந்திரத்தை இயக்கும் அண்ணனோடுதான் பழகினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நெல்லை அரைத்து முடித்ததும் அவரோடு சேர்ந்து நாங்களும் இயந்திரத்தைத் துடைத்தோம். மூன்றாம் வாரத்திலிருந்து எங்கள் முறையை அவரே நினைவூட்டலானார்.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் டெல்டா முழுவதும் பருவம் தவறிய மழை கொட்டியது. ஆளுயரம் வளர்ந்து அறுவடைக்கு நின்ற மாப்பிள்ளைச் சம்பா சாய்ந்து நீரில் கிடந்தது. ஏழு விவசாயிகளுக்கு நாங்கள் விலை சொல்லியிருந்தோம். அலைபேசியில் இருந்த பெரிய எண்கள் அனைத்தையும் அழைத்துப் பார்த்தோம். அனுதாபம் கிடைத்தது, ஒருவர் விலை குறைந்தால் தெரிவிக்கச் சொன்னார். மறுநாள் காலை ஆலை அண்ணன் தாமாகவே அழைத்தார். அவருடைய மைத்துனர் அவல் ஆலை வைத்திருக்கிறார். “அவலுக்கு எப்படியும் நெல்லை ஊறவைக்கத்தானே வேணும் தம்பி, முளைக்கிறதுக்கு முன்னால கொண்டாங்க” என்றார். முளைவிட்டது போக, கிட்டத்தட்ட பாதியை அப்படிக் காப்பாற்றினோம்.

எஞ்சிய இழப்பு முதலீட்டின் மேல் விழுந்தது. வட்டிக் கடனைத் தவிர்த்து, எங்களுள் ஒருவரின் பெரியத்தாவிடம் முழாரபா முறையில் பணம் பெற்றிருந்தோம். லாபத்தில் இருவருக்கும் பாதி; எங்கள் கவனக்குறைவின்றி நட்டம் வந்தால் அது பணம் போட்டவருடையது, எங்கள் உழைப்புக்குக் கூலி இல்லை. சிங்கப்பூரிலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான்: விவசாயிகளுக்குச் சொன்ன விலை கொடுக்கப்பட்டதா? கொடுத்துவிட்டோம் என்றோம். அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கெழுதி அனுப்பச் சொன்னார்.

அந்த ஏழு பேரும் இன்று எங்களோடு இருக்கிறார்கள். அவர்கள் அழைத்து வந்த நால்வரும் சேர்ந்திருக்கிறார்கள். சென்ற ஆடியில் வேறு ஊரிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தனர். ஒருவர் நம்மவர், மற்றவர் அவருடைய கல்லூரித் தோழர். எங்களைப் போலவே அரிசி விற்கப் போகிறார்களாம். போட்டியாளருக்கு விதை தருவதா என்று வீட்டில் சிறு விவாதம் நடந்தது. இரண்டு இரண்டு கிலோவாக நிறுத்துக் கொடுத்தோம். தை பிறந்ததும் நான்கு நான்கு கிலோவோடு வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ். ஆலை அண்ணனின் எண்ணையும் குறித்துக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை போகும்போது பழைய துணி எடுத்துச் செல்லுமாறும் சொன்னோம்.