இரண்டாவது குழி

விருத்தாசலம் பீங்கான் ஊர். ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் சுட்டெடுக்கும் சூளைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கழிப்பறை என்றால் கோப்பைதான். வெள்ளையாக இருக்கிறதா, விரிசல் இல்லையா என்று தட்டிப் பார்ப்போம். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கழிப்பறை கட்டும் வேலைக்கு வந்த பிறகுதான் கோப்பையின் சரிவைப் பார்க்கக் கற்றேன். சரிவு 25 பாகைக்குக் குறையாமல், நாற்றத்தைத் தடுக்கும் நீர்ப்பூட்டில் 20 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால், ஊற்றிவிட இரண்டு லிட்டரே போதும். வாளி வாளியாக ஊற்றவேண்டி வந்தால், தெருக்குழாயில் குடம் பிடித்துச் சுமக்கும் பெண் மறுபடி கொல்லைக்கே போவாள். கழிப்பறையில் விறகு அடுக்குவார்கள்.

கோப்பைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இந்த வேலையின் அறம் இருக்கிறது. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு குழிகள். செங்கல்லைச் சந்து விட்டுக் கட்டவேண்டும். அடியில் சிமெண்ட் பூசக்கூடாது. கோப்பையிலிருந்து வரும் வழி இரண்டு குழிகளுக்கும் பிரியும் சேம்பரில் ஒரு வாயை அடைத்து, ஒரு குழியை மட்டும் பயன்படுத்தவேண்டும். அது நிரம்பியதும் வழியை மாற்றி, இரண்டு ஆண்டு மூடி வைத்தால் மட்கி எருவாகிவிடும். 1970இல் பீகாரில் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் இரட்டைக் குழியைப் பரப்பியதே, மனிதர் கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்கத்தான்.

ஓர் ஊரில் அந்த அடைப்பை வைக்காமல் விட்டுவிட்டோம். கொத்தனாரிடம் சொல்லியிருந்தேன், திறந்து பார்க்கவில்லை, வீட்டாரிடமும் சொல்லவில்லை. இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பின. "ஆள் கூப்பிட்டு அள்ளிடலாம் சார்" என்றார் ஒருவர். எந்தத் தெருவிலிருந்து கூப்பிடுவார்கள் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த வேலைக்கு என் கவனக்குறைவு மறுபடி கதவைத் திறந்திருந்தது. லாரி வைத்து உறிஞ்சி எடுத்தோம். அன்றிலிருந்து, சேம்பர் மூடியை வீட்டார் எதிரில் திறந்து, அடைப்புச் செங்கல்லை அந்த வீட்டுப் பெண் கையாலேயே வைக்கச் சொல்கிறேன். வழி மாற்றும் தேதியைச் சுவரில் பெயிண்டால் எழுதுகிறோம்.

இரண்டு ஆண்டு மூடிக் கிடந்த குழியை முதன்முதலாகத் திறந்த நாள் நினைவிருக்கிறது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. மண்வெட்டியில் வந்தது கறுத்து உதிர்ந்த மண். வீட்டு ஆயா கிட்டே வந்து குனிந்தார். "நாத்தமே இல்லியே தம்பி" என்றவர், அள்ளிக்கொண்டுபோய் முருங்கை அடியில் போட்டார். யாரையும் கூப்பிடவில்லை.

தூய்மை பாரதத் திட்டம் 2014இல் வந்தபோது ஒரு வீட்டுக்கு 12,000 ரூபாய் கிடைத்தது. கட்டி முடித்ததும் படம் எடுத்தார்கள், அதோடு கணக்கு முடிந்தது. குழியின் கணக்கோ நிரம்புகிற அன்றுதான் தொடங்குகிறது. அதற்குள் அதிகாரி மாறியிருப்பார், கொத்தனார் வெளியூர் போயிருப்பார். சுவரில் எழுதிய தேதியை வைத்துக்கொண்டு அந்த வாசலுக்குத் திரும்பப் போய் நிற்பதுதான் எங்கள் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கொடுப்பதும் அந்தத் தேதிகள் எழுதிய நோட்டைத்தான்.